மக்காத ஊர்

வெள்ளாங்கரை நகராட்சிக்குப் பன்னிரண்டாவது முறையாக 'நாற்றமற்ற நகர்' விருது கிடைத்த வாரத்தில்தான் தனசிங் செத்துப்போனார். ஊர் எல்லையில் வளைவு கட்டியிருந்தார்கள். வளைவின் ஒரு காலில் நகர்மன்றத் தலைவர் சுயம்புலிங்கம் கண்ணை மூடிக் காற்றை முகர்கிற படம். மறு காலில் அதே சுயம்புலிங்கம் முகர்ந்து முடித்துப் புன்னகைக்கிற படம். தனசிங்கின் சவப்பெட்டி அந்த இரண்டு சுயம்புலிங்கங்களுக்கும் நடுவே நுழைந்துதான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஊருக்கு 'நிர்மலம்' வந்தது. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று பெருகுகிற ஒரு வைரஸ். மனிதக் குடலுக்குள் இருப்பவற்றை மட்டும் தொடக்கூடாது என்று ஆய்வகத்தில் அதற்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு டிரோன்கள் வந்து ஊர் முழுக்கத் தூவின. மூன்றாவது வெள்ளியிலேயே மீன்கடைச் சந்தில் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடிந்தது. சாக்கடை நின்றது, ஆனால் நாறவில்லை. கொசு ஒழிந்தது, வெடி போட்டார்கள். ஈ ஒழிந்தது, மறுபடியும் வெடி. தவளை ஒழிந்ததை யாரும் கவனிக்கவில்லை, அதனால் வெடி மிச்சம்.

முதல் எதிர்ப்பு அறிவியலாளர்களிடமிருந்து வரவில்லை. மாவு புளிக்கவில்லை என்று பெண்கள் நகராட்சியை முற்றுகையிட்டார்கள். பால் தயிராகவில்லை. ஆறே நாளில் ரேஷன் கடையில் புளிப்புப் பொடி விலையில்லாமல் கிடைத்தது. பொடி போட்ட இட்லியில் பல் மருத்துவமனை வாசம் அடித்தது. மூன்று மாதத்தில் அது பழகிவிட்டது. மூன்று மாதத்தில் பழகாத ஒன்றை நம் நாட்டில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மக்கும் குப்பைக்கு என்று வைத்திருந்த பச்சைத் தொட்டிகளை விழா எடுத்து அகற்றினார்கள். உதிர்ந்த இலை உதிர்ந்தபடியே கிடந்தது. ஊருக்கு வடக்கே வைக்கோலும் வாழைத்தோலும் செத்த நாய்களும் ஒரு குன்றாக உயர்ந்தன. எட்டு வருடத்துத் தோல் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. குன்றின் உச்சிக்குப் படிக்கட்டு வைத்து, அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று பலகையும் வைத்தார்கள். தெரியாது. வயல் மண் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டது. யூரியா மூட்டை வந்தால் விளையும், லாரி வராத வாரம் பயிர் அப்படியே நிற்கும். 'உணவுச் சங்கிலி' என்ற சொல்லைச் சுயம்புலிங்கம் அந்த லாரிகள் வரிசையாக வருவதற்குத்தான் பயன்படுத்தினார்.

இந்த ஊரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் எஸ்தர் டீச்சர். தனசிங்கின் மனைவி.

எஸ்தருக்குப் பிடித்த பாடம் சூழ்நிலை மண்டலம். தாவரம் உற்பத்தி செய்கிறது, வெட்டுக்கிளி தின்கிறது, வெட்டுக்கிளியைத் தவளையும், தவளையைப் பாம்பும், பாம்பைப் பருந்தும் தின்கின்றன. பிள்ளைகளுக்கு இந்த இடம் பிடிக்கும். பருந்து செத்த பிறகு வருகிற பகுதிதான் எஸ்தருக்குப் பிடிக்கும். சிதைப்பவை. செத்ததைப் பிரித்து மண்ணுக்குக் கொடுக்கிறவை. மண் வேருக்குக் கொடுக்கிறது, வேர் இலைக்கு. "எதுவும் எங்கேயும் போறதில்ல பிள்ளைகளா, சுத்தி வருது" என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகும். பின் வரிசை அதைப் பார்த்து எழுதுவதை நிறுத்தும்.

காரணம் ஊருக்கே தெரியும். பதினாலு வருடத்துக்கு முன்னால் அவள் மகள் பியூலா ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். கல்லறை மேல் சிலுவைக்குப் பக்கத்தில் எஸ்தர் ஒரு கொய்யாக் கன்று நட்டாள். வளர்ந்து காய்த்தது. வருடா வருடம் பியூலாவின் நினைவு நாளில் ஒரே ஒரு பழம் பறித்து, அங்கேயே நின்று, விதைகூட மிச்சமில்லாமல் தின்றுவிட்டு வருவாள். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். குருவானவர்கூட ஒரு தடவை கூப்பிட்டு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசிப் பார்த்தார். எஸ்தர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "எனக்குக் கடைசி நாள் வரைக்கும் காத்திருக்க முடியாது ஐயா. கார்பன் சுழற்சி கொஞ்சம் சீக்கிரமா நடக்கும்" என்றாள்.

நிர்மலம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதே, பியூலாவை மட்டும் விட்டுவைக்குமா என்று அவளுக்குத் தோன்றவில்லையா? தோன்றவில்லை. பாடப்புத்தகத்தில் அதற்கு வரி இருந்தது. 'நிர்மலம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஒன்பது அங்குலம் வரை மட்டுமே செயல்படும்.' பாட முடிவில் கோடிட்ட இடமாக வரும்; ஒரு மதிப்பெண். பதினாலு வருடமாக அந்த ஒன்பதைப் பிள்ளைகளிடம் வாங்கி வாங்கி, சிவப்பு மையால் சரி போட்டுப் போட்டு, அது அவளுக்கு வேத வசனம்போல ஆகியிருந்தது. பியூலா நாலடி ஆழத்தில் இருந்தாள். கணக்குச் சரி.

தனசிங் சாகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்னயப் பிள்ள கூடப் போட்டுரு."

சபையில் அதற்கு விதி உண்டு. பதினாலு வருடம் ஆன குடும்பக் கல்லறையைத் திறக்கலாம். இருக்கிற எலும்பை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, புதுப் பெட்டியை இறக்கலாம். இடத்துக்கு வேறு வழியில்லை. பியூலாவுக்குப் பதினாலு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது.

கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் ஏசுவடியான் காலையிலேயே தோண்ட ஆரம்பித்துவிட்டார். பெட்டி வந்து சேர்ந்தபோது அவர் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். மேலே ஏறவில்லை.

"என்னண்ணே, நேரமாவுதுல்லா?" என்றார் சபைச் செயலாளர்.

"ஐயா, இங்ஙன கொஞ்சம் வாங்களேன். பெட்டி அப்படியே இருக்கு. ஒரு கறையான் வாய் வைக்கல."

"நல்ல தேக்கா இருக்கும்."

"மாம்பலகை ஐயா. நாந்தான இறக்கினேன்."

மூடியைத் திறந்துதான் ஆகவேண்டும். எலும்பை எடுக்க வேண்டுமே. திறந்தார். வெள்ளைத் துணியோடு நின்ற தனசிங்கின் தங்கை கிரேஸ் எட்டிப் பார்த்துவிட்டு, துணியைக் கீழே போட்டாள்.

பியூலா இருந்தாள். கொஞ்சம் உலர்ந்திருந்தாள், அவ்வளவுதான். நீல நிறக் கவுன். சடையில் வைத்த பிச்சிப்பூ வாடியிருந்தது, உதிரவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரி இருந்தது. இடது மணிக்கட்டில் பேனாவால் அவளே வரைந்துகொண்ட கைக்கடிகாரம் இருந்தது. எட்டு இருபது.

கொய்யா வேர் பெட்டியைச் சுற்றிப் பின்னியிருந்தது. ஒரு வேர்கூட உள்ளே போகவில்லை.

"கர்த்தருடைய அற்புதம்" என்றார் பின்னாலிருந்து யாரோ. இரண்டு பெண்கள் முழங்காலிட்டார்கள். நகராட்சி சார்பில் மாலையோடு வந்திருந்த சுயம்புலிங்கம் மட்டும் அற்புதத்துக்கு உரியவர் தான்தான் என்பதை உணர்ந்து, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்தர் அழவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கையால் மண்ணை அளந்தாள். ஒரு சாண், இரண்டு சாண், மூன்று.

"ஒம்பது அங்குலம்தான?" என்று கேட்டாள். "ஒம்பது அங்குலம்தான போவும்?"

"என்ன மதினி சொல்லுதிய?" என்றாள் கிரேஸ்.

"அப்பம் நான் என்னத்தத் தின்னேன்?"

யாருக்கும் புரியவில்லை, ஏசுவடியானைத் தவிர. அவர் குழியிலிருந்து ஏறி, கைமண்ணைத் தட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"டீச்சர், வையாதிய. கன்னு நட்ட ரெண்டாம் மாசமே பட்டுப்போற மாதிரி ஆயிட்டு. நீங்க வந்து வந்து பாத்துட்டுப் போவிய. மனசு கேக்கல. மாசம் ஒரு கை யூரியா போட்டுட்டு வந்தேன். பதினாலு வருசமா."

எஸ்தர் அவரையே பார்த்தாள்.

"நல்லதுதாம்ண்ணே செஞ்சிய" என்றாள் கடைசியில்.

அடுத்து ஒரு சிக்கல். புதுப் பெட்டி இறங்காது. விதி எலும்புக்குத்தான்; ஆள் முழுசாக இருந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. செயலாளர் குருவானவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "டீச்சர், தப்பா நெனைக்கப்படாது. இடம் இன்னும் காலியாவலையே" என்றார். தனசிங்கை மதில் ஓரமாகப் புதைத்தார்கள். மகளுக்கும் அவருக்கும் நடுவே பதினோரு கல்லறைகள். அந்தப் பதினோரு பேரும் எப்படி இருப்பார்கள் என்று அன்று எல்லோரும் யோசித்தார்கள், யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் சுயம்புலிங்கம் வீட்டுக்கே வந்தார்.

"டீச்சரம்மா, ஒங்க மக இந்த ஊருக்கே பெருமை. கண்ணாடிப் பெட்டி நகராட்சி செலவு. மேல ஒரு மண்டபம். 'வாடா மலர்'னு பேரு வைப்போம். வெளியூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டலாம்லா? கல்விக்குக் கல்வியும் ஆச்சு."

"எனக்கு வேற ஒண்ணு வேணும்."

"சொல்லுங்க, தாராளமா."

"அவ மக்கணும்."

சுயம்புலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். இருபத்தைந்து வருட அரசியலில் அவரிடம் ரோடு கேட்டிருக்கிறார்கள், குழாய் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் மனைவியைத் திருப்பிக் கூட்டிவரச் சொல்லிக்கூடக் கேட்டிருக்கிறார். இதை யாரும் கேட்டதில்லை. மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

எஸ்தர் மனு எழுதினாள். 'என் மகள் பியூலாவின் கல்லறையை மட்டும் தூவலிலிருந்து விலக்கி, அவள் இயற்கையாக மண்ணில் மக்க ஆவன செய்யுமாறு.' நகராட்சி எழுத்தர் அதை மூன்று தடவை படித்தார்.

"டீச்சர், இது மக்கும் குப்பைப் பிரிவுல வரும். அந்தப் பிரிவத்தான் மூடிட்டாவள்லா?"

"எம்மக குப்பையில்ல."

"இல்ல டீச்சர், நான் கோப்புக்குச் சொல்லுதேன். மக்காத குப்பையில போட்டா அவங்க எடுக்க மாட்டாங்க, 'மக்க'ன்னு இருக்கேம்பாங்க. நீங்க டாக்டரையே பாத்துருங்க."

நகர்நல அலுவலர் டாக்டர் கோமதிநாயகத்தின் அறையில் பன்னிரண்டு கேடயங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, ஓய்வுபெற நாலு மாதம் இருக்கிற, தூக்கம் கெட்ட ஒரு மனிதர் இருந்தார். நிர்மலத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்த குழுவில் அப்போது அவர்தான் இளையவர். மனுவைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தூவுறத நிறுத்தச் சொல்லுதிய. டீச்சர், நாங்க நிறுத்திப் பதினோரு வருசம் ஆச்சு."

"வெள்ளிக்கிழம வருதே டிரோன்?"

"பன்னீர்."

"பன்னீரா?" என்றாள் எஸ்தர்.

"அது தானாவே பெருகுது டீச்சர். முதல் நாலு வருசத்துலயே தெரிஞ்சுபோச்சு, இனிமே தூவ வேண்டியதில்லன்னு. ஆனா டிரோன் வரலன்னா, இது யாரு சாதனைன்னு ஜனங்களுக்குத் தெரியாமப் போயிரும்லா? விருதுக் கமிட்டிக்காரன் வேற வருவான். அதான் பன்னீர் அடிக்கோம். நிறுத்தணும்னா எதை நிறுத்த? சுவிட்சே கிடையாது."

"ஒம்பது அங்குலம்னு இருக்கே புத்தகத்துல."

டாக்டர் சிரிக்க முயன்றார்.

"பாடநூல் பயிலரங்குல எங்கள வரச் சொன்னாவ. எவ்வளவு ஆழம் போவும்னு கேட்டாவ. தெரியாதுன்னேன். தெரியாதுன்னு கோடிட்ட இடத்துல எப்படிப் போடன்னாவ. நியாயந்தான? அங்க இருந்த டீச்சர்மாருட்டயே கேட்டாவ, பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஒரு நம்பர் சொல்லுங்கன்னு. ஒரு டீச்சர் சொன்னாவ. அதையே போட்டாச்சு."

எஸ்தர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயிலரங்கு. மாவட்டக் கல்வி அலுவலகத்து மாடி. எலுமிச்சைச் சோறு, பொரித்த அப்பளம். சாப்பாட்டுக்கு அப்புறமும் அந்த ஒரு வரி முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. பியூலாவுக்கு அன்று காலையில் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. முந்தின கோடிட்ட இடத்துக்கு விடை எட்டு. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று அவள் கையைத் தூக்கி, "ஒம்பதுன்னு வைங்க சார்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நாலரைக்கெல்லாம் விட்டுவிட்டார்கள்.

டாக்டருக்கு அந்த டீச்சரின் முகம் நினைவில்லை. எஸ்தர் சொல்லவும் இல்லை.

"ஒரு வழியும் கிடையாதா?"

"உறை ஊத்துற மாதிரிதான் டீச்சர். உயிருள்ள மண்ணு ஒரு கை கிடைச்சா, அதுல இருக்கிறது நிர்மலத்த எதிர்த்து நின்னுச்சுன்னா, பரவலாம். நிக்கும்னு நான் சொல்லல."

"உயிருள்ள மண்ணு எங்க இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு கரடிமுடி மலையில மட்டுந்தான். காட்டிலாகா செக்போஸ்டுக்கு மேல. அங்க ஆள் போக்குவரத்து கம்மி, அதான் தப்பிச்சிருக்கு."

"காத்துல போவாதா?"

"போவாது. அதுக்கு ஈரம் வேணும். டயரு, குளம்பு, செருப்பு, இப்படித்தான் போவும். நீங்க போவ வேண்டாம் டீச்சர். சொல்லிட்டேன்."

எஸ்தர் மறுசனிக்கிழமை போனாள்.

போவதற்கு முன் செருப்பை டெட்டால் போட்டு மூன்று தடவை கழுவினாள். புதுச் சேலை உடுத்தினாள். நாலடுக்குத் தூக்குச்சட்டியைக் கொதிநீரில் முக்கி எடுத்தாள். பஸ் இரண்டரை மணி நேரம் மலை ஏறியது. செக்போஸ்ட் வாசலில் ஒரு சிமென்ட் தொட்டியில் மருந்து கலந்த ஊதா நீர், பக்கத்தில் பலகை. 'காலணிகளை இங்கேயே விட்டு, தொட்டியில் இறங்கிக் கால் நனைத்துச் செல்லவும். விதிவிலக்கு இல்லை.'

எஸ்தர் செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

"டீச்சர்! எஸ்தர் டீச்சர்தான?"

காவல் கொட்டகைக்குள்ளிருந்து ஓடிவந்தவன் சீருடையில் இருந்தான். மீசையைத் தாண்டி அவளுக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. இசக்கிராஜா. மூன்றாவது பெஞ்ச். வனக்காவலர் ஆகிவிட்டான்.

"நீங்க எதுக்கு டீச்சர் கழத்துதிய? போடுங்க, போடுங்க. இது ஊர்சுத்த வாரவனுக்கு."

"விதிவிலக்கு இல்லன்னு போட்டிருக்கேப்பா."

"நானே போட்டதுதான. ஒங்களப் போயி இந்தத் தண்ணிக்குள்ள எறக்கி விடுவேனா? சேலை பூராவும் கறையாயிரும். எங்கம்மா கேட்டா என்ன செருப்பாலயே அடிப்பா." அவன் சிரித்தான். "சூழ்நிலை மண்டலம்னா எனக்கு ஒங்க குரல்தான் டீச்சர். நிர்மலம், ஒம்பது அங்குலம். இன்னும் மறக்கல பாத்தியளா?"

எஸ்தர் ஊதா நீரைப் பார்த்தாள். கடைசி பஸ் மூன்று மணிக்கு. செருப்பைத்தான் மூன்று தடவை கழுவியாயிற்றே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இசக்கிராஜா தடுப்புக் கம்பைத் தூக்கிப் பிடித்தான். அவள் செருப்போடு நடந்தாள்.

அரை மணி நேர நடை. மரங்களுக்குக் கீழே முதல் அடி வைத்ததுமே அந்த வாசம் அடித்தது. ஈரமும் புளிப்பும் கலந்த, கொஞ்சம் அருவருப்பான, அழுகுகிற வாசம். பதினைந்து வருடமாக மறந்திருந்த வாசம். கரும்பழுப்பு இலைகளை அவள் கையால் விலக்கினாள். மேல் இலை முழுசாக இருந்தது, அடுத்தது வலைபோல நரம்பு மட்டும், அதற்கும் கீழே இலையா மண்ணா என்று சொல்ல முடியாத ஒன்று. வெள்ளை நூலாகப் பூஞ்சை. ஒரு மண்புழு. வருடா வருடம் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த பாடம் அவள் கையில் நெளிந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து, குழியருகே அழாத அழுகையை அழுதாள்.

இறங்குகிற பஸ்ஸில் இரண்டாவது வளைவிலேயே சண்டை வந்துவிட்டது.

"என்ன நாத்தம் இது? யாரு என்ன வச்சிருக்கிய?"

"மண்ணு."

"மண்ணு இப்படியா நாறும்? கண்டக்டர், எறக்கி விடுங்க இந்தம்மாவ!"

தூக்குச்சட்டியை மடியில் அணைத்துக்கொண்டாள் எஸ்தர். ஜன்னலோரக் கிழவர் ஒருவர் மட்டும் கிட்டே குனிந்து, நீளமாக மூச்சை இழுத்து, "அம்மாடி" என்றார்.

ஏசுவடியான் கல்லறையைத் திறந்தார். மூன்று அடுக்கு மண்ணைப் பியூலாவைச் சுற்றிப் போட்டார்கள். நாலாவது அடுக்கை எஸ்தர் வீட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் ஒரு துண்டு வாழைத்தோலைப் புதைத்து, தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மூடியைத் திறந்து பார்த்தாள். இரண்டாம் நாள் தோலின் ஓரம் கறுத்தது. எஸ்தர் ஏசுவடியான் வீட்டுக்கு ஓடிப்போய் அதைச் சொன்னாள். அவர் மனைவி, வாழைத்தோல் கறுத்ததற்கு ஒரு டீச்சர் அழுவதைப் பார்த்து மிரண்டுபோனாள். ஐந்தாம் நாள் சட்டியில் வாசம் குறைந்தது. ஒன்பதாம் நாள் இல்லை. தோலில் கறுத்த இடம் அதற்கு மேல் பரவவில்லை. முப்பதாம் நாளும் அங்கேயே நின்றது.

ஒரு கை மண் போதாது, சாக்கு மண் வேண்டும் என்று முடிவு செய்தாள். மண்ணுக்குள்ளேயே கெட்டிக்காரப் பூஞ்சை ஒன்று இருக்கக்கூடும். ஆழத்தில் தோண்ட வேண்டும். இரண்டு மாதம் கழித்து, காலாண்டு விடுமுறையில், இரண்டு சாக்கோடு மறுபடியும் பஸ் ஏறினாள். இந்தத் தடவை வெறுங்காலோடு இறங்கினாள். தொட்டியில் முழங்கால் வரை நனைத்துக்கொண்டுதான் மறுபக்கம் ஏறினாள்.

இசக்கிராஜா அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தான். "நல்ல நேரத்துல வந்திய டீச்சர். நானே ஒங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். ஒரு சந்தேகம்."

மேலே கூட்டிப்போனான். நாலு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரங்களுக்குக் கீழே எஸ்தர் மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். சளி பிடித்திருக்கிறதோ என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தாள்.

அன்று அவள் உட்கார்ந்து அழுத இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு மிளா மான் செத்துக் கிடந்தது. பெண் மிளா. வயிறு உப்பவில்லை. கண் திறந்திருந்தது. அதன் மேல் ஒரு ஈ இல்லை.

"பதினேழு நாளாச்சு டீச்சர் செத்து. நாந்தான் மொதல்ல பாத்தேன். நரி தொடல. மழைக்கு ஒரு காளான் மொளைக்கல இந்த வருசம். மேல இருக்கிற ஊர்க்காரங்க, காட்டுல நாத்தமே இல்ல, நல்ல சகுனம்னு பொங்கல் வைக்கப் போறாங்களாம். எனக்கு என்னமோ பயமா இருக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "ரேஞ்சர் அறிக்கை கேட்டிருக்காரு. நிர்மலம் எப்படி மேல வந்துச்சுன்னு எழுதணும். நான் ஒருத்தரையும் விடல டீச்சர். கலெக்டர் பி.ஏ. வந்தாரு, அவரையே தொட்டியில எறக்கினேன். சத்தியமா ஒருத்தரையும் விடல."

எஸ்தர் மிளாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாக்குகள் கையிலிருந்து நழுவின. இலையை விலக்கிப் பார்த்தாள். மேல் இலை முழுசாக இருந்தது. அடுத்ததும் முழுசாக இருந்தது. அதற்கும் கீழே, நரம்பு மட்டும் மிஞ்சிய அந்த வலை இலைகள், பாதி தின்றபடி, அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றிருந்தன.

"என்னய விட்டியே" என்றாள்.

"என்ன டீச்சர்?"

"என்னய விட்டியேப்பா. செருப்போட."

இசக்கிராஜா ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"போங்க டீச்சர். நீங்களா?"

"நாந்தான். செருப்பக் கழுவிட்டுத்தான் வந்தேன். அது போதாது. டாக்டர் சொன்னாரு. தெரிஞ்சேதான் வந்தேன். எழுதிக்கோ, நான் சொல்லுதேன். எஸ்தர், ஒம்பதாங் கிளாஸ் டீச்சர், வெள்ளாங்கரை."

"ஐயோ, என்ன டீச்சர் நீங்க!" அவன் உண்மையிலேயே கலங்கிவிட்டான். "சார் போனதுல ஒங்களுக்கு மனசு சரியில்ல. எதையெடுத்தாலும் நம்ம மேலயே போட்டுக்கத் தோணும். எங்கப்பா செத்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒங்களால ஒரு காடு கெடுமா? எங்களுக்கெல்லாம் காடுன்னா என்னன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான?"

"இசக்கி, நான் சொல்லுதத எழுதுப்பா."

"வேண்டாம் டீச்சர். ரேஞ்சர்ட்ட நான் ஏற்கெனவே பேசிட்டேன். காத்துல வந்திருக்கும்னுதான் அவரும் சொல்லுதாரு. அதான் எழுதியிருக்கேன்."

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்து, முழங்காலில் வைத்து நீவினான். குண்டு குண்டான, அவளுக்குப் பழகிய கையெழுத்து. 'பரவிய வழி: காற்று.' அதற்குக் கீழே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. துறை சாராத அறிவியல் வல்லுநர், கையொப்பம்.

"இதுக்குத்தான் டீச்சர் ஒங்களுக்குப் போன் பண்ண நெனச்சேன். கையெழுத்து இல்லன்னா என்மேல நடவடிக்கை எடுப்பாவ. வேலை போயிரும். மூணு வயசுல பிள்ள இருக்கு எனக்கு."

காட்டில் சத்தமே இல்லை. ஒரு இலை உதிர்ந்து மிளாவின் கழுத்தில் விழுந்து, அங்கேயே இருந்தது.

இசக்கிராஜா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பேனாவின் மூடியைத் திறந்து, அதை இரண்டு கையாலும் நீட்டினான்.

எஸ்தர் வாங்கிக்கொண்டாள்.